நாக ஒட்சைட்டும் அப்பாவின் கடைவாய்ப் பல்லும்

அப்பா என் பற்சிகிச்சை நாற்காலியில் முதன்முதலாக வந்து உட்கார்ந்தபோது கையில் ஒரு போத்தல் தண்ணீர் வைத்திருந்தார்.

பழைய சோடாப் போத்தல். அதைக் கழுவி, குருநகர் வீட்டுத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, சைக்கிள் காரியரில் றப்பர் பட்டியால் கட்டி, நல்லூரில் எங்கள் வீடு வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்திருந்தார். பெற்றோல் வரிசைகள் சந்தி தாண்டி நீண்டுகிடந்த அந்த மாதங்களில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. வெயிலில் வந்த தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

"ஏனப்பா தண்ணி? தாகமெண்டால் நான் தரமாட்டனோ?"

"குடிக்கிறதுக்கில்லைப் பிள்ளை. கொப்பளிக்க."

"கொப்பளிக்க இஞ்சை தண்ணி இல்லையோ?"

"இருக்கும். அது உங்கடை கிணத்துத் தண்ணி."

சொல்லிவிட்டு, என் கருவிகள் இருந்த தட்டில் கண்ணாடிக்கும் இடுக்கிக்கும் பக்கத்தில் போத்தலையும் நிறுத்தி வைத்தார். வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. குருநகரில் வருவது உப்புக் கரிக்கும். அது அவருக்கும் தெரியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எழுபது கடந்த மனிதரை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கவும் முடியாது. கையுறையை மாட்டினேன்.

சபதம்

என் கல்யாணத்தைப் பற்றி இந்தத் தொடரில் மேலோட்டமாகத்தான் எழுதினேன். ஏன் அதை மட்டும் ஓடித் தாண்டுகிறீர்கள் என்று இரண்டு வாசகிகள் கேட்டுவிட்டார்கள். தாண்டியதற்குக் காரணம் அப்பாதான். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

நான் குருநகரில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. என் கணவர் சிவநேசன், சண்டிலிப்பாயில் தோட்டம் செய்த சைவக் குடும்பத்துப் பிள்ளை, இரசாயன ஆசிரியர். நாங்கள் அவர்களுடைய கோயிலிலும் கட்டவில்லை, எங்களுடைய கோயிலிலும் கட்டவில்லை. பதிவு மட்டும் செய்தோம். இரண்டு வீட்டுக்கும் அது பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு உண்மையான காரணங்களை இரண்டு வீடும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவற்றைச் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கும்.

அவர்கள் பக்கத்துக் கோபம் ஒரு தைப்பொங்கலோடு கரைந்தது. அப்பாவின் கோபம் வேறு வகை. அவர் கத்தவில்லை. வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி அமைதியாகச் சொன்னார்.

"நீ என்ரை பிள்ளை. அது மாறாது. ஆனால் அந்த வீட்டிலை ஒரு சோத்துப் பருக்கை, ஒரு மிடறு தண்ணி, என்ரை தொண்டையாலை இறங்காது."

கோபத்தில் சொன்ன சொல் என்றால் கொஞ்ச நாளில் தேய்ந்துபோகும். இது நிதானமாகச் சொன்ன சொல். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சனிக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். வாசற் படலையில் நின்று மணி அடிப்பார். சொப்பிங் பையில் விளைமீனோ பாரையோ இருக்கும். நான் வீட்டில் இல்லாத நாட்களில் படலைக் கொளுவியில் தொங்கவிட்டுப் போவார். வீட்டில் மீன் தின்னும் ஆள் நான் ஒருத்திதான். இவர், என் கணவர், மரக்கறிச் சாப்பாடுதான். ஆனாலும் பூனை இழுத்துப் போடுமுன் ஓடிப்போய் அந்தப் பையை எடுத்து, மூக்கைச் சுளிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர் இவர்தான்.

அப்பா உள்ளே வரவே மாட்டார் என்றில்லை. வருவார், விறாந்தைக் கதிரையில் இருப்பார், மின்விசிறியைப் போடச் சொல்வார். இவர் வந்தால் அப்பா கடற்காற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ பொதுவாக எதையாவது சுவருக்குச் சொல்வார். இவரும் சுவருக்குப் பதில் சொல்வார். தேநீரைக் கொண்டுபோய் நீட்டினால் மட்டும் அப்பா எழுந்துவிடுவார்.

அம்மா சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய் அப்பாவோடு மறுபடியும் சாப்பிடுவார்.

எனக்கு ஊரில் காணி வேண்டாம், நகை வேண்டாம். அப்பா ஒரு நாள் என் வீட்டில் சோறு தின்ன வேண்டும். அவ்வளவுதான். அவருக்கு வயது ஏற ஏற அந்த ஆசை என் நெஞ்சில் கல்லாகக் கனக்கத் தொடங்கியது.

பல்லுக் கொதி

அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தியும் கிழிந்த வலை பொத்துவதை நிறுத்தவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கத்திரிக்கோல் என்பது பல்தான். நைலோன் நூலை முன்பல்லால் அறுப்பார்கள், முடிச்சைக் கடைவாய்ப் பல்லால் கடித்து இறுக்குவார்கள். குருநகரில் யாராவது வாயைத் திறந்தால் முன்பல்லின் விளிம்பில் நூல் அரித்த சின்ன வாய்க்காலைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடுவேன். இதைச் செய்யாதீர்கள் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலம் முழுக்கக் கத்தினேன். ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று தலையாட்டிவிட்டு, வாசலில் போய் மருந்துப் பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்ப்பார்கள்.

அப்பாவின் மேல் கடைவாய்ப் பல் ஒன்று அப்படித்தான் உடைந்தது. உடைந்த இடத்தில் சூத்தை விழுந்து உள்ளே இறங்கிவிட்டது. காற்றுப் பட்டால் கொதி, உயிர் போகிற வலி. தண்ணீர் பட்டால் கொதி.

அதைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் எங்கள் கோயில் பங்குப் பெருநாளுக்குக் கூத்துப் போடுவதாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மேடை இல்லாமல் கிடந்துவிட்டு மறுபடி போடும் கூத்து. அப்பாவுக்கு அரசன் வேடம். எங்கள் கூத்துப் பாட்டை மெல்ல முணுமுணுக்க முடியாது. வாயை அகலத் திறந்து, கடற்காற்றை எதிர்த்து, கடைசி வரிசையில் சாக்கில் இருப்பவனுக்கும் கேட்கப் பாட வேண்டும். திறந்தால் காற்றுப் பல்லில் ஏறும். ஒத்திகையில் முதல் அடியோடு கன்னத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாராம்.

"பிடுங்குவம் அப்பா."

"அந்த இடத்தாலை காத்துப் போனால் நான் என்னெண்டு பாட்டை இழுக்கிறது? கூத்து முடியட்டும். பிறகு எல்லாத்தையும் பிடுங்கு."

"அடைக்கிறதெண்டால் மருந்து வேணுமே. இப்ப மருந்து எங்கை இருக்கு?"

வெள்ளைத் தூள்

எந்த மருந்து என்று சொல்கிறேன். பல்லின் நரம்பு கொதிக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது ஒரு சாதாரண வெள்ளைத் தூள், நாக ஒட்சைட்டு. துத்தநாகத்தை எங்கள் பள்ளிக்கூடத் தமிழில் நாகம் என்போம். அந்த உலோகம் ஒட்சிசனோடு சேர்ந்த தூள்தான் இது. கண்ணாடித் தட்டில் இதைக் கொட்டி, கராம்பு எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, தகட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் கொழுக்கட்டை மாப் பதத்துக்கு வரும். உருட்டிச் சூத்தைக்குள் வைத்தால் வாயின் ஈரத்திலும் சூட்டிலும் இறுகிவிடும். கராம்பு நரம்பை மரக்கப் பண்ணும், தூள் மேலே கதவு சாத்தும். நிரந்தர அடைப்பு இல்லை. கொதியை அமர்த்திச் சில மாதம் பல்லைக் காப்பாற்றித் தரும்.

இந்தத் தூளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மாள் வருத்தம் என்கிற அம்மை வந்த பிள்ளைக்குப் பூசும் ரோஸ் நிறத் தண்ணீர் மருந்தில் இருக்கிறது. குழந்தைகளின் புண்ணுக்குப் போடும் களிம்பில் இருக்கிறது. கல்லூரிக் கிரிக்கெட்டில் மூக்கில் வெள்ளை அப்பிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்களே, அதிலும் இருக்கிறது.

இவருக்கு இது மிகவும் பிடித்த ஒட்சைட்டு. தண்ணீரில் கரையாது, ஆனால் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும், இரண்டு பக்கத்தோடும் சேரும் என்று ரியூசன் பிள்ளைகளுக்கு அனுபவித்துச் சொல்லுவார். எங்கள் குடும்பத்தில் அந்தக் குணம் அம்மாவுக்கு மட்டும்தான் என்று நான் உள்ளே இருந்து நினைத்துக்கொள்வேன்.

நாட்டில் டொலர் இல்லை, மருந்து இல்லை என்ற காலம் அது. என் டப்பாவின் அடியைச் சுரண்டியாகிவிட்டது. கொழும்புக் கடைகளில் கேட்டால் அடுத்த கப்பலுக்குப் பாருங்கள் என்றார்கள். கராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சை அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். அது அரைநாள் தாங்கும். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவால் முடியாவிட்டால் வேடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வந்து பதமாகச் சொல்லிப் போனாராம். அன்றைக்கு அப்பா வீட்டிலும் சாப்பிடவில்லை என்று அம்மா போனில் அழுதார்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த இவர் புத்தகத்தை மூடினார்.

"நாக ஒட்சைட்டுத்தானே? நான் செய்து தாறன்."

முருங்கையடியில் பஞ்சு

ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியருக்கு இப்படி ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும். மறுநாள் காலை முருங்கையடியில் கரி அடுப்பு. சீனச் சட்டிக்குள் நாகத் துண்டுகள். ஊதுகுழலால் ஊதி ஊதிச் சூடேற்றினார். உலோகம் உருகி, பிறகு திடீரென்று நீலமும் பச்சையுமாகச் சுவாலை விட்டது. வெள்ளைப் புகை எழும்பிற்று. புகைக்குள்ளிருந்து இலவம் பஞ்சு மாதிரித் துணுக்குகள் மிதந்து மல்லிகையிலும், கொடியில் காய்ந்த என் சேலையிலும் இறங்கின.

"ஜசி, ஓடி வாரும்! என்ன வெள்ளை எண்டு பாரும்!"

"அந்தப் புகையை இழுக்காதேங்கோ! இஞ்சாலை வாங்கோ!"

வருவாரா? பஞ்சு பொறுக்கிக்கொண்டு நின்றார். பின்னேரமே குளிரும் நடுக்கமுமாகப் போர்வைக்குள் போய்விட்டார். நாகப் புகையை இழுத்தால் வரும் காய்ச்சல் அது. பெரும்பாலும் ஒரு நாளில் போய்விடும். மல்லித் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, எப்படி, இறுகிவிட்டதா என்று சைகையில் கேட்டது.

இறுகவில்லை. பால் வெள்ளைத் தூள், பார்வைக்கு என் பழைய டப்பாத் தூளைவிட அழகு. கராம்பு எண்ணெயோடு சேர்த்து வைத்தால் அடுத்த நாளும் களியாகவே கிடந்தது.

காய்ச்சல் விட்டதும் இவர் அந்தக் களியை விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முகம் வாடிப் போயிருந்தது.

"பிழை என்ரைதான். அளவுக்கு மிஞ்சின சூட்டிலை பிறந்த தூள் இது. எல்லாத்தையும் எரிச்சு முடிச்சுப்போட்டு வந்திருக்கு. இனி ஆரோடையும் சேர இதுக்கு ஆசையில்லை."

ஒரே பொருள்தான். ஆனால் எந்தச் சூட்டில், எதிலிருந்து செய்தோம் என்பதில் அதன் குணம் மாறிவிடுகிறது. மெல்லிய சூட்டில் பிறக்கிற தூள்தான் கராம்பு எண்ணெயோடு கைகோக்கும். இதைக் கேட்டபோது எனக்கு வேறு சில ஆட்களின் ஞாபகம் வந்தது.

சுட்டால் மஞ்சள்

இரண்டாம் தரம் அடுப்பு குசினிக்குள் வந்தது. ஆய்வுகூடத்துக்கென்று விற்கும் தூய நாக சல்பேற்று ஒரு போத்தல் இவரிடம் இருந்தது. டோர்ச் பற்றரிக் கோதுகளைக் கரைக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை சொன்னார். அதில் ஈயம் கிடக்கும், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று கரண்டியைத் தூக்கினேன்.

சல்பேற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார். இன்னொரு முகவையில் சோடியம் காபனேற்றைக் கரைத்து மெல்ல மெல்ல ஊற்றினார். தெளிந்த தண்ணீரில் வெள்ளைத் தயிர் திரண்டது. அது நாக காபனேற்று. வடிதாளில் வடித்தார், கழுவினார். மறுபடி கழுவினார். கழுவின தண்ணீரில் ஒரு துளி மருந்து விட்டுக் கலங்குகிறதா என்று பார்த்தார். கலங்காமல் வரும்வரை கழுவினார். எங்கள் வீட்டில் ஒரு கோப்பை கழுவாத மனிதர்.

காய்ந்த தூளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, சின்ன நெருப்பில் வைத்துக் கண்ணாடிக் கோலால் கிளறிக்கொண்டே இருந்தார். காபனீரொட்சைட்டு வெளியேற வேண்டும், தூள் அளவுக்கு மிஞ்சிச் சுடவும் கூடாது. நான் எட்டிப் பார்த்தேன். தூள் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியிருந்தது.

"கருக்கிப் போட்டியள்! போச்சு எல்லாம்."

"ஏன் ஜசி கத்துறீர்? உயர்தரத்திலை இரசாயனம் படிச்சனீர்தானே?"

"அது எந்தக் காலம்!"

"பொறும். ஆறட்டும்."

நெருப்பை அணைத்துவிட்டு இருவரும் கிண்ணத்துக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். ஓரத்திலிருந்து மஞ்சள் மெல்ல வடிந்தது. நடுவில் ஒரு பொட்டளவு நின்று, அதுவும் போய், தூள் வெள்ளையாகிவிட்டது. சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. இந்த ஒட்சைட்டின் அடையாளமே அதுதான். வேலைக்கு வந்த நாளிலிருந்து கையாளும் தூள் இப்படியும் ஒரு முகம் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைநரைத்த இரண்டு பேர் குசினியில் நின்று சிரித்தோம்.

எண்ணெயோடு சேர்த்துத் துளி ஈரம் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் கரண்டியால் தட்டினால் டக் என்றது.

(வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதை ஒருவரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். செய்தால் என்னிடம் வராதீர்கள்.)

இவர் ஒளித்து வைத்திருந்தது

இறுகியது சரி. ஆனாலும் வீட்டில் காய்ச்சிய தூளை ஒரு மனிதரின் வாயில் எப்படி வைப்பது? அதுவும் என் அப்பா வாயில்? மாட்டேன் என்றேன். அது என் தொழிலின் ஒழுங்கு.

"சரி. மாமாவுக்கு முதல் எனக்கு வையும்."

"உங்களுக்கு ஏன்? உங்களுக்குச் சூத்தைப் பல்லு இல்லையே."

இவர் நிலத்தைப் பார்த்தார்.

"இருக்கோ?"

"ஒண்டு."

"எவ்வளவு காலமா?"

"கொஞ்சக் காலமா."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். பல் வைத்தியரின் புருஷன், வாயில் குழி வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தால் சப்பித் தின்றிருக்கிறார். காரணம் பயம். கல்யாணம் கட்டிய நாள் முதல் நான் பல் பார்க்கும் முன் அறைக்குள் கால் வைத்ததில்லை. பல்லைத் துளைக்கும் இயந்திரச் சத்தம் கேட்டால் கொல்லைக்குப் போய்க் கத்தரிக்குத் தண்ணீர் விடுவார். எங்கள் கத்தரிக்காய்கள் செழிப்பாக இருந்ததன் இரகசியம் அது.

"இவ்வளவு பயந்த நீங்கள் இப்ப ஏன்?"

"மாமா பாடவேணும் ஜசி." குரல் இறங்கியிருந்தது. "முந்தி ஒருக்கா அவர் பாட நான் கேட்டனான். உமக்குச் சொல்லேல்லை. உங்கடை கோயிலடியிலை, சனத்துக்குப் பின்னாலை, ஐஸ்கிறீம் வான் ஒண்டுக்கு மறைவிலை நிண்டு கேட்டனான். என்னைக் கண்டால் குரல் பிசகிப்போடும் எண்டு பயம்."

போய் நாற்காலியின் விளக்கைப் போட்டேன்.

கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேர்த்து ஒழுகி இருந்தார். வலிக்கிறதா என்றால் தலையை ஆட்டாமல் கால்விரலை ஆட்டினார். முடித்து எழுப்பியபோது, ஒன்றும் தெரியவில்லை என்றார். அன்றைக்கு எனக்கு அந்த மனிதர் மேல் வந்த அன்பு, கல்யாணம் கட்டின வருடத்தில்கூட வந்ததில்லை.

நாட்கள் போயின. நான் தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முரசு, அதாவது ஈறு, நன்றாக இருந்தது, கொதி இல்லை, அடைப்பு அசையவில்லை.

சனிக்கிழமை படலையடியில் மீன் பையை வாங்கியபோது அப்பாவுக்கு உண்மையைச் சொன்னேன். மறைத்து வைத்துவிட்டுப் பிறகு அது தெரியவந்தால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

"மருந்து இருக்கு அப்பா. ஆனால் கடை மருந்தில்லை. இவர் செய்தது."

"உவரோ?" அப்பா வீட்டுப் பக்கம் பார்த்தார். "உவர் இந்த வீட்டிலை காய்ச்சின சாமானோ? என்ரை வாய்க்குள்ளையோ?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அம்மா சாப்பிட வந்தார். அடைப்புக்குப் பயந்து இவர் இன்னும் ஒரு பக்கத்தால் சப்புவதைக் கண்டார். என்ன தம்பி என்று கேட்டார். இவர் மழுப்ப, நான் முழுவதையும் சொன்னேன். அம்மாவின் வாயில் எதுவும் தங்காது. அன்றைக்கு அதற்காக அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம்.

மறுபடியும் நாற்காலி

திங்கட்கிழமை காலை தண்ணீர்ப் போத்தலோடு அப்பா வந்தார்.

வாயைத் திறக்குமுன் சட்டம் பேசினார். "இது விழுங்கிறதில்லைத்தானே?"

"இல்லையப்பா. பல்லுக்குள்ளை இருக்கும்."

"வயித்துக்குப் போகாது?"

"போகாது."

"அப்ப பிழையில்லை."

யோசித்து, வழி கண்டுபிடித்து, தண்ணீரும் கொண்டு வந்திருக்கிறார். சபதமும் மிஞ்ச வேண்டும், பாட்டும் மிஞ்ச வேண்டும். நான் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுச் சுருள்களை அடைத்தேன். பல்லைச் சுத்தம் செய்தேன். தூளைக் கொட்டி, எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். அறை முழுக்கக் கராம்பு வாசம். உள்கதவுக்குப் பின்னால் இவருடைய செருப்பு அசைவது கேட்டது. அன்று இவர் கத்தரிக்குத் தண்ணீர் விடப் போகவில்லை.

உருட்டி வைத்து, அழுத்தி, வழித்து, பஞ்சை எடுத்தேன். அப்பா தன் தண்ணீரால் கொப்பளித்தார். நாக்கால் தடவிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார்.

பிறகு நாற்காலியில் இருந்தபடியே அரசனின் வரவுப் பாட்டை எடுத்தார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒழுங்கையில் போன சைக்கிள் ஒன்று நின்றது. கன்னத்தைப் பொத்தாமல் முழு அடியையும் இழுத்து முடித்தார். கதவுக்குப் பின்னால் செருப்புச் சத்தமே இல்லை.

இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெருநாளில் அப்பா விடியும்வரை பாடினார். அந்த அடைப்பு இன்னும் அவர் வாயில் இருக்கிறது. கப்பல் வந்து நல்ல மருந்துகள் வந்த பிறகும் மாற்ற விடவில்லை. கிடக்கிறது கிடக்கட்டும் பிள்ளை என்கிறார். என் படிப்புப்படி அது எப்போதோ தேய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் பார்க்கிறேன், ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, மற்றபடி இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை.

"எவ்வளவு நேரத்தாலை சாப்பிடலாம்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு மணித்தியாலம் போகட்டும். மற்றப் பக்கத்தாலை சப்புங்கோ."

குருநகருக்குப் போய்ச் சேர நேரம் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் விறாந்தைக்குப் போய்க் கதிரையில் இருந்தார். மின்விசிறியைப் போடச் சொன்னார். நான் அடுத்த நோயாளியைப் பார்த்தேன். முடித்து வெளியே வந்தேன். அப்பா இன்னும் இருந்தார்.

"பிள்ளை."

"என்னப்பா?"

"நீ வைக்கேக்கை அந்த மருந்திலை கொஞ்சம் தொண்டைக்குள்ளை போட்டுது. விழுங்கிப் போட்டன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சுச் சுருள் வைத்தது என் கை. ஒரு துணுக்குக்கூட உள்ளே போயிருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

"காரமாய்க் கிடந்தது," என்றார். "இறங்கினது இறங்கிப்போட்டுது. இனி என்ன செய்யிறது. சோத்தைப் போடு."

குசினிக்குள் ஓடினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல். மீன் இல்லை, முட்டைகூட இல்லை. இந்த நாளைப் பார்த்தா மனிதன் இப்படி வெறும் சமையல் சமைத்து வைப்பான் என்று என்னையே திட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்தேன். தண்ணீர் வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

அப்பா கை கழுவி வந்து இருந்தார். சிலுவை அடையாளம் போட்டார். கையைச் சோற்றுக்குக் கொண்டுபோகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மனம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகுதான் விளங்கியது. எங்கள் குருநகர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போன ஆண்கள் எல்லோரும் கரைக்கு வந்து, வீட்டுக்கு வந்து, சோற்றுக்கு முன்னால் இருந்த பிறகுதான் அப்பா முதல் பிடியை எடுப்பார். ஒருத்தர் குறைந்தாலும் எடுக்க மாட்டார். சின்ன வயதில் பசியோடு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இவர் குசினி வாசலில் அப்பளத் தட்டோடு நின்றார். தான் முன்னால் வந்தால் மாமா எழும்பிவிடுவாரோ என்று முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றார்.

அப்பா சுவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி நேராக இவரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி அங்கை நிக்கிறீர்? வந்து இரும். எனக்குப் பசிக்குது."